ஏர் சஸ்பென்ஷன் இரவில் இறங்கிவிடுகிறது: வீட்டிலேயே கண்டறிந்து சரிசெய்ய இயலுமா?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஐரோப்பிய டீசல் எஸ்யூவி ஒன்றைப் பெங்களூருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டி வருகிறேன். நான்கு சக்கரங்களுக்கும் ஏர் சஸ்பென்ஷன்தான், அதாவது கம்ப்ரசர் காற்று நிரப்பும் ரப்பர் பைகளே வண்டியைத் தாங்குகின்றன. காயில் ஸ்பிரிங் எங்கும் கிடையாது. மாலையில் சரியான உயரத்தில் நிறுத்தப்படும் வண்டி, காலையில் பார்த்தால் நான்கு மூலைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறங்கி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே விரல் நுழையாதபடி படுத்துக் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரசர் நெடுநேரம் ஓடித் தூக்குகிறது. அண்மைக் காலமாக, பாதி தூக்கியதும் கம்ப்ரசர் நின்றுபோய் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. சற்று நேரம் விட்டால் மீண்டும் ஓடுகிறது.

பெங்களூருவில் ஒரு பணிமனையில் காட்டியபோது, சக்கரத்தைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், கம்ப்ரசரையும் முன்பக்க ஏர் ஸ்ட்ரட் (காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பகுதி) இரண்டையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான், குறை எங்கே என்பதையாவது நாமே கண்டுபிடித்துக்கொண்டு போவோம் என்று தோன்றியது.

நான்கு மூலைகளும் சமமாக இறங்குவதால், நான்கு பெல்லோக்களும் (அந்த ரப்பர் பைகள்) ஒரே சமயத்தில் பழுதாகியிருக்க முடியாது என்றும், நான்குக்கும் காற்றைப் பிரித்துவிடும் பொதுவான வால்வு பிளாக்கில்தான் கசிவு இருக்க வேண்டும் என்றும் கருதுகிறேன். இந்த முடிவு சரிதானா? என்னிடம் மூன்று டன் டிராலி ஜாக், நான்கு ஜாக் ஸ்டாண்டு, மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், வண்டிக் கணினியின் பழுதுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை, செல்பேசியில் காட்டும் சிறிய ஓபிடி கருவி ஆகியவை உள்ளன. அந்தக் கருவி சஸ்பென்ஷன் பக்கத்திலிருந்து எந்தக் கோடையும் காட்டவில்லை. வண்டி நிற்பது மாந்தோப்பை ஒட்டிய கொட்டகையில். தரை சிமெண்டு, சமமானது. இடையில் சேலம் போக வேண்டிய வேலையும் இருக்கிறது. இந்த நிலையில் தொப்பூர் கணவாய் வழியாக ஓட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.

---

ஓசூர் ஓய்வாளர் எழுதியது:

ஐயா, வால்வு பிளாக்கை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். நான்கும் சமமாக இறங்குவதை வைத்து அந்த முடிவுக்கு வருவது இயல்பே. ஆனால் காலையில் நீங்கள் பார்க்கும் அந்தச் சமநிலை, கசிவினால் மட்டும் வந்ததாக இராது; வண்டியின் கணினியும் அதில் கைவைத்திருக்கக் கூடும்.

இவ்வகை வண்டிகள் பலவற்றில், இக்னிஷனை அணைத்த பின்னரும் சஸ்பென்ஷன் கட்டுப்பாட்டுக் கணினி முழுமையாக உறங்குவதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, நான்கு மூலைகளின் உயரத்தையும் படித்துப் பார்க்கும். ஒரு மூலை தாழ்ந்திருப்பதைக் கண்டால், இன்ஜின் ஓடாத நேரத்தில் பேட்டரியைச் செலவழித்துக் கம்ப்ரசரை இயக்குவதற்குப் பதிலாக, மற்ற மூன்று மூலைகளிலிருந்தும் காற்றை வெளியேற்றி, தாழ்ந்த மூலையின் மட்டத்துக்கே அவற்றையும் கொண்டுவரும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். விடியும்வரை இது திரும்பத் திரும்ப நடந்தால், ஒரே ஒரு பெல்லோவில் கசிவு இருக்கும் வண்டியும் நான்கு மூலைகளிலும் படுத்தேதான் நிற்கும். குற்றவாளியை அடையாளம் காட்டும் தடயத்தைக் கணினியே அழித்துவிடுகிறது.

ஆகவே முதல் வேலை, சஸ்பென்ஷன் கணினிக்கு மின்சாரம் தரும் ஃபியூஸை இரவில் கழற்றிவிடுவது. ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் உள்ள படத்திலோ கையேட்டிலோ அதன் இடம் குறிக்கப்பட்டிருக்கும். கம்ப்ரசருக்கான பெரிய ஃபியூஸ் வேறு, கணினிக்கான சிறிய ஃபியூஸ் வேறு. கழற்ற வேண்டியது கணினியுடையது. வண்டியைச் சாதாரண உயரத்துக்குக் கொண்டுவந்து, இன்ஜினை அணைத்து, கதவுகளை மூடி, எல்லாம் அடங்கிய பிறகு கழற்றுங்கள். அதன் பின்னர் வால்வுகள் அனைத்தும் மூடிய நிலையிலேயே இருக்கும். எந்த மூலையில் கசிவு உள்ளதோ அது மட்டும் இறங்கும்.

அளக்கும்போது தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயரில் காற்று குறைந்தாலும் அந்த அளவு மாறிவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து, அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, எண்ணை அதிலேயே எழுதி வையுங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே மறுபடியும் அளந்துகொள்ளுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், இல்லாவிட்டால் காலையில் வீண் கவலை வரும். மாலையில் 32 டிகிரியும் விடியற்காலையில் 17 டிகிரியும் இருந்தால், கசிவே இல்லாத பெல்லோவிலும் காற்றின் கன அளவு ஏறக்குறைய 5 விழுக்காடு சுருங்கும். மேலே உள்ள பாரம் மாறாததால் உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும், உயரம்தான் சில மில்லிமீட்டர் குறையும். நான்கு மூலைகளிலும் அப்படிச் சிறிதளவு குறைந்திருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு மூலை மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி இறங்கியிருந்தால், அந்த மூலையின் பெல்லோ, அதன் மேல்முனை ஃபிட்டிங், அங்கிருந்து வால்வு பிளாக் வரை செல்லும் குழாய் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். ஒரே ஆக்சிலின் இரு பக்கமும் இறங்கினால் மட்டும் வால்வு பிளாக்கின் மீது சந்தேகம் கொள்ளலாம். அப்போதும், ஒரே வயதுடைய இரண்டு பெல்லோக்கள் ஒன்றாகத் தேய்ந்திருக்கும் வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது.

கம்ப்ரசர் பாதியில் நிற்பதைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் வெப்பப் பாதுகாப்பாகவே இருக்கும். கார்களில் உள்ள இந்தச் சிறு கம்ப்ரசர்கள் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அளவுக்கு மேல் ஓடிச் சூடேறினால் கணினி அதை நிறுத்தி, ஆறிய பிறகே மீண்டும் அனுமதிக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறியும் அதுவே. கசிவை அடைக்காமல் புதிய கம்ப்ரசரை மாட்டினால், பழையதைப் போலவே புதியதும் நாள்தோறும் வண்டியைத் தரையிலிருந்து தூக்கித் தூக்கித் தேய்ந்துபோகும். அதனால்தான் கம்ப்ரசரைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் ஓபிடி கருவி இன்ஜின் கோடுகளைப் படிக்கும் வகையைச் சேர்ந்தது. சஸ்பென்ஷன் கோடுகள் சி என்ற எழுத்தில் தொடங்குபவை. அவற்றைப் படிக்க நிறுவனத்தின் சொந்தக் கருவியோ, லாஞ்ச், ஆட்டெல் போன்ற பல நிறுவன வண்டிகளையும் படிக்கும் ஸ்கேனரோ வேண்டும். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் அத்தகைய ஸ்கேனர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் உண்டு. ஆயினும், முதலில் அளவுநாடா சொல்வதைக் கேளுங்கள்.

---

பலூன் மெக்கானிக் (தருமபுரி) எழுதியது:

வணக்கம் சார். நான் ஆம்னி பஸ்களிலும் லாரிகளிலும் ஏர் சஸ்பென்ஷன் வேலை செய்பவன். பஸ்ஸில் இந்தக் கணினிச் சிக்கல் பெரும்பாலும் கிடையாது. பிரேக்குக்குக் காற்று தரும் இன்ஜின் கம்ப்ரசரே பலூனுக்கும் (நீங்கள் பெல்லோ என்பதைத்தான் நாங்கள் பலூன் என்போம்) தரும்; உயரத்தை ஒரு கம்பியோடு இணைந்த லெவலிங் வால்வு பார்த்துக்கொள்ளும். ஆனால் பலூன் ரப்பர் பலூன் ரப்பர்தான், பஸ்ஸானாலும் காரானாலும் அதில் வெடிப்பு விடும் இடம் ஒன்றே.

சோப்பு நீர் சோதனையைப் பலர் அவசரமாகச் செய்துவிட்டுக் கசிவே இல்லை என்று எழுந்துவிடுகிறார்கள். பாத்திரம் கழுவும் லிக்விடை நீரில் கலந்து, நுரை பொங்காதபடி மெதுவாகக் கலக்கி, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். நுரையோடு அடித்தால் எது கசிவின் குமிழி, எது பாட்டிலின் நுரை என்று தெரியாது. அடித்துவிட்டு ஒரு நிமிடமாவது அசையாமல் பார்க்க வேண்டும். பெரிய கசிவு உடனே பொரியும். இரவு முழுவதும் இறக்கும் மெல்லிய கசிவோ, கடுகு அளவு குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்ல அடுக்கிக்கொண்டு வெண்ணிறத் திட்டாகத் திரளும். கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் அது கண்ணுக்குப் படும்.

பெல்லோவின் அடிப்பகுதியில் ரப்பர் உள்நோக்கி மடிந்து பிஸ்டன் மீது உருளும் இடம் ஒன்று இருக்கிறது. முதலில் விரிசல் விடுவது அங்கேதான். நம் பக்கத்து கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிகளில், அந்த மடிப்புக்குள் கல்தூள் புகுந்து ரப்பரை அரைத்துவிடும். வண்டி சாதாரண உயரத்தில் நிற்கும்போது விரிசல் மடிப்புக்குள் மறைந்திருக்கலாம், எனவே ஒருமுறை அதிக உயரத்திலும் ஒருமுறை சாதாரண உயரத்திலும் அடித்துப் பாருங்கள். முன்பக்க ஸ்ட்ரட்டில் பெல்லோவைச் சுற்றி அலுமினியக் குவளையும் அதன் கீழே தூசி உறையும் இருந்தால், உறையின் கிளிப்பைத் தளர்த்திக் கீழிருந்து மேல்நோக்கி அடியுங்கள். அப்புறம் ஸ்ட்ரட்டின் உச்சியில் பித்தளை ஃபிட்டிங் இருக்கும், அதை மறக்க வேண்டாம். பானெட்டைத் திறந்தாலே பல வண்டிகளில் அது தெரியும்.

கொட்டகை மாந்தோப்பை ஒட்டியது என்கிறீர்கள். அப்படியானால் குழாயை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். அணிலும் எலியும் நைலான் குழாயைக் கடித்து வைத்த வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன.

இனி உயிர் சம்பந்தப்பட்ட பேச்சு. ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில், வெறும் ஜாக்கை நம்பி மட்டுமல்ல, வண்டி தன் காற்றில் நிற்பதை நம்பியும் தலையை நுழைக்கக் கூடாது. ஒரு வால்வு திறந்தால் போதும், மொத்த எடையும் கீழே வந்துவிடும். ஜாக் ஸ்டாண்டைச் சேசிஸில், கையேடு சொல்லும் இடத்தில் கொடுங்கள்; சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையில் (லோயர் ஆர்ம்) கொடுக்காதீர்கள். தூக்குவதற்கு முன், கணினி உயரத்தை மாற்றாமல் நிறுத்திவைக்கும் ஜாக் மோடு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையேல் ஃபியூஸைக் கழற்றுங்கள். சக்கரம் தொங்குவதைக் கணினி பார்த்தால், வண்டி உயரமாகிவிட்டது என்று எண்ணி அந்த மூலையின் காற்றை வெளியேற்றிவிடும்.

தொப்பூர் பற்றிக் கேட்டீர்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி இறங்கிய நிலையில் அந்த இறக்கத்தில் போக வேண்டாம் சார். பெல்லோவில் காற்று இல்லாதபோது பாரம் முழுவதும் கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப் ரப்பரின் மீது வந்துவிடும், வளைவில் டயர் மட்கார்டில் உரசும், பிரேக் அடிக்கும் தூரத்தையும் நம்ப முடியாது. வண்டியை எங்காவது எடுத்துப்போகத்தான் வேண்டுமென்றால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியை அழையுங்கள்.

---

நெடுஞ்சாலை 44 எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? நான்கையும் கழற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் கிட் போட்டுவிட்டால் தொல்லை ஒரேயடியாக ஒழியும். என் உறவினர் ஒருவர் அப்படித்தான் மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறார்.

---

ஓசூர் ஓய்வாளர் எழுதியது:

அந்த வழியும் இருக்கிறது, மறுக்கவில்லை. நான்கு ஸ்ட்ரட், கம்ப்ரசர், வால்வு பிளாக் எல்லாமே முடிந்துபோன, விலை மதிப்பும் குறைந்துவிட்ட வண்டிக்கு அது அறிவுக்குப் பொருந்திய முடிவாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு மூலைக் கசிவுக்காக அந்த முறையையே தூக்கி எறிவதை நான் ஏற்கவில்லை. ஸ்பிரிங் ஒரே விறைப்பில் நிற்கும்; ஐந்து பேரும் சுமையும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். விறைப்பை மின்சாரத்தால் மாற்றும் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) உள்ள வண்டியானால், அதன் எச்சரிக்கை விளக்கை அடக்கத் தனியாக ஒரு மாட்யூல் தேவைப்படும். விற்கும் நாளில் வாங்குபவரும் அதைக் காரணம் காட்டி விலையைக் குறைப்பார். முதலில் அளவைப் பார்ப்போம்.

---

மாந்தோப்பு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சேலம் பயணத்துக்கு உறவினரின் காரை வாங்கிக்கொண்டேன்.

கணினியின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு அளந்ததில் படமே மாறிவிட்டது. முன்பக்க இடது மூலை 58 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. மற்ற மூன்றும் 3 அல்லது 4 மில்லிமீட்டருக்கு மேல் அசையவில்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

சோப்பு நீரில் இரண்டு இடங்கள் அகப்பட்டன. பானெட்டைத் திறந்ததும் தெரியும் பித்தளை ஃபிட்டிங்கில், குழாய் நுழையும் வாயைச் சுற்றிக் குமிழிகள் வளையமாக வந்தன. அதை மட்டும் சரிசெய்தால் போதும் என்று மகிழ்ந்த வேளையில், வண்டியை அதிக உயரத்துக்கு ஏற்றித் தூசி உறையைத் தளர்த்திக் கீழிருந்து அடித்தபோது, பெல்லோவின் மடிப்பில், உள்ளே நூல் தெரியும் ஒரு மயிரிழை விரிசலிலிருந்தும் வெண்ணிறத் திட்டுத் திரண்டது. மெக்கானிக் அவர்கள் சொன்னபடி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்த பிறகே அது தெரிந்தது. குழாயில் அணில் கடித்த தடம் எதுவும் இல்லை.

இப்போது கேட்க வேண்டியவை: ஃபிட்டிங்கை எப்படிச் சரிசெய்வது? ஓசூர் சிப்காட் பக்கத்து நியூமேட்டிக் கடையில் 6 மில்லிமீட்டர் நீலக் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? பெல்லோ விரிசலுக்கு வல்கனைசிங் பேட்ச் போட முடியுமா? வலப்பக்க ஸ்ட்ரட்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? கம்ப்ரசர் இனித் தாங்குமா என்பதை எப்படி அறிவது?

---

பலூன் மெக்கானிக் (தருமபுரி) எழுதியது:

பேட்ச் வேண்டாம் சார். டியூபில் ஒட்டுவதுபோல் இதில் ஒட்ட முடியாது. ரப்பருக்குள் நூல் பின்னல் ஓடுகிறது, அந்த இடம் ஒவ்வொரு குழியிலும் மடிந்து விரிகிறது, உள்ளே கார் டயரைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தம் இருக்கிறது. ஒட்டியது நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பிய்ந்தால் அந்த மூலை சட்டென்று விழும்.

அந்த நீலக் குழாய் பெரும்பாலும் பாலியூரித்தேன். தொழிற்சாலை மெஷின்களில் 8 பார் (காற்றழுத்த அலகு) அளவில் ஓடும் காற்றுக்கானது. உங்கள் வண்டியின் கம்ப்ரசர் தரும் உச்ச அழுத்தம் அதைவிடக் கணிசமாக அதிகம். லாரி ஏர் பிரேக்குக்குப் போடும் நைலான் குழாயை, அதே வெளிவிட்டத்தில், அழுத்த அளவு பொறிக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் உங்களுக்குப் புதுக் குழாயே தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். இதுபோன்ற ஃபிட்டிங்கில் பழைய வளையம் குழாயைக் கவ்விக் கவ்விப் பள்ளம் விழுந்திருக்கும், காற்று அந்தப் பள்ளத்தின் வழியே தப்பும். காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டுக் குழாயைக் கழற்றி, பள்ளம் விழுந்த முனையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு, புதிய ஃபிட்டிங் போட்டு மாட்டினால் நின்றுவிடும். வெட்டுவதற்குக் குழாய் கட்டரோ புது பிளேடோ வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டினால் வாய் வட்டம் கெட்டு மறுபடியும் கசியும். வெட்டு முகம் குழாய்க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும்.

காற்று வெளியேற்றும்போது, ஃபிட்டிங்கைக் கால் சுற்று தளர்த்திச் சீறல் முழுவதும் அடங்கும்வரை காத்திருங்கள். ஒரே மூச்சில் திருகினால் பித்தளைத் துண்டு தோட்டாவாகப் பாயும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

---

ஓசூர் ஓய்வாளர் எழுதியது:

வலப்பக்க ஸ்ட்ரட்டைப் பற்றிப் பதில் சொல்வதற்கு முன், அதன் மடிப்பையும் அதே டார்ச்சில் பாருங்கள். குமிழி வராவிட்டாலும் ரப்பரின் மேற்பரப்பில் வறண்ட நிலம்போல் மெல்லிய கோடுகள் ஓடியிருந்தால், அதற்கு இன்னும் அதிகக் காலமில்லை. இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம். ரப்பர் வழவழப்பாக இருந்தால் இடப்பக்கம் மட்டும் போதும். காற்றழுத்தத்தைக் கணினியே இரு பக்கமும் சரிசெய்துகொள்வதால், காயில் ஸ்பிரிங்கைப் போல ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இதில் குறைவு. டேம்பரின் தேய்மானம் இரு பக்கமும் வேறுபடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். ஆர்னாட், பில்ஸ்டைன் போன்ற நிறுவனங்கள் வெளிச்சந்தைக்குச் செய்யும் ஸ்ட்ரட்டுகள் பெங்களூரு ஜே.சி. ரோடு வணிகர்கள் மூலம் வரவழைக்கக் கிடைக்கும். பழைய ஸ்ட்ரட்டில் புது ரப்பர் ஏற்றித் தரும் வேலையும் நடக்கிறது. டேம்பரில் எண்ணெய்க் கசிவு இல்லாவிட்டால் மட்டுமே அதற்குப் பணம் கொடுங்கள்.

கம்ப்ரசரைக் கசிவு அடைபட்ட பிறகே சோதிக்க வேண்டும். இப்போது சோதித்தால் கசிவும் தேய்மானமும் கலந்து, தவறான விடைதான் வரும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கம்ப்ரசர் இயங்கும் அதே நேரத்தில் அதன் மின்சாக்கெட்டில் வோல்ட் அளவைப் பாருங்கள். 13க்கு அருகில் இருந்தால் வயரிங் சரி. 11க்குக் கீழே விழுந்தால் ரிலே, ஃபியூஸ் முனை, எர்த் ஆகியவற்றில் எங்கோ தடை இருக்கிறது, மோட்டாரைக் குறைசொல்லிப் பயனில்லை. அடுத்து, நியூமேட்டிக் கடையில் 20 பார் வரை காட்டும் அழுத்தமானியும் டி வடிவ இணைப்பும் வாங்கி, கம்ப்ரசரின் வெளிவாய்க் குழாயில் பொருத்துங்கள். இவ்வகை எஸ்யூவிகளின் பெல்லோக்களுக்கு ஓடும் நிலையிலேயே ஏறக்குறைய 6 முதல் 10 பார் வரை தேவைப்படும். முள் அதற்கும் மேலே தயக்கமின்றி ஏறினால் கம்ப்ரசருக்கு உயிர் இருக்கிறது. மோட்டார் இரைந்துகொண்டே இருக்க, முள் பாதியில் நின்றுவிட்டால், பிஸ்டனைச் சுற்றியுள்ள டெஃப்லான் வளையம் தேய்ந்திருக்கும். அந்த வளையமும் சிலிண்டரும் ஓ-ரிங்குகளும் அடங்கிய ரிப்பேர் கிட் தனியாகக் கிடைக்கிறது. முழுக் கம்ப்ரசரோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு.

கழற்றும்போது அருகிலேயே டிரையர் இருக்கும். அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிறு மணிகள் உள்ளன. உள்ளிழுக்கும் காற்றின் ஈரத்தை அவை பிடித்துக்கொள்ளும். பெல்லோவிலிருந்து வெளியேறும் உலர்ந்த காற்று அவற்றின் வழியே திரும்பிப் போகும்போது அந்த ஈரத்தையும் எடுத்துச் செல்லும். பெல்லோ வேறிடத்தில் கசியும்போது இந்தத் திரும்பும் ஓட்டம் நடப்பதில்லை. மணிகள் ஈரத்திலேயே ஊறிப் பொடியாகி வால்வு பிளாக்குக்குள் போய் அடைக்கும். நெடுநாள் கசிவோடு ஓடிய வண்டி என்பதால், உங்களுடையதில் மணிகளை எப்படியும் மாற்றிவிடுங்கள். ரிலேவையும் மாற்றுங்கள். அதன் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால், இக்னிஷன் அணைந்த பிறகும் கம்ப்ரசர் ஓடி எரிந்துபோகும். அந்தச் சிறு பெட்டியின் விலைக்காகக் கம்ப்ரசரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

---

பலூன் மெக்கானிக் (தருமபுரி) எழுதியது:

ஸ்ட்ரட் மாட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதில் காயில் இல்லாததால் ஸ்பிரிங் கம்ப்ரசர் தேவையில்லை. அந்த வகையில் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் புது ஸ்ட்ரட்டைப் போட்டவுடன் ஜாக்கை இறக்கிவிடாதீர்கள். காற்றில்லாத பெல்லோ மீது வண்டியின் எடை விழுந்தால், ரப்பர் கோணலாக மடிந்து முதல் நாளே கிழியும். மேல் நட்டுகளையும் குழாயையும் மாட்டி, எடையை ஜாக்கிலேயே வைத்துக்கொண்டு ஃபியூஸைப் போட்டு இன்ஜினை ஓட்டிக் கொஞ்சம் காற்று ஏறிய பிறகு சிறிது சிறிதாக இறக்குங்கள். முன்பு சொன்னபடி, சக்கரம் தொங்கும்போது கணினி தானாகக் காற்று ஏற்றாமல் போகலாம்; அந்த மூலைக்கு மட்டும் காற்று ஏற்றச் சொல்லும் வசதி ஸ்கேனரில் உண்டு. அதை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை அந்த நேரத்துக்கு மட்டும் அழைத்துக்கொண்டால் வேலை சுலபமாகும். சில ஸ்ட்ரட்டுகள் உள்ளே சிறிதளவு அழுத்தத்தோடு பெட்டியில் வரும். அவற்றின் மேல் வால்வை நோண்ட வேண்டாம்.

கீழ்க் கையின் புஷ் போல்ட்டை, சக்கரம் தொங்கும்போது முழுவதும் இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் வண்டி இறங்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். விரல் இறுக்கத்தில் விட்டு, வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகு டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள்.

---

மாந்தோப்பு எழுதியது:

வலப்பக்க பெல்லோவிலும் மெல்லிய கோடுகள் தெரிகின்றன; எனவே இரண்டுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்திருக்கிறேன். ஃபிட்டிங்கை வெட்டி மாட்டியதில் குழாய் வாய்க் கசிவு நின்றுவிட்டது; மீதியுள்ள இறக்கம் விரிசலால் வருவது. கடைசியாக ஒரு கேள்வி: ஸ்ட்ரட் மாற்றிய பிறகு உயரத்தைக் காலிபரேட் செய்ய வேண்டுமா?

---

ஓசூர் ஓய்வாளர் எழுதியது:

உயரம் அளக்கும் சென்சார் ஸ்ட்ரட்டில் இல்லாமல், சேசிஸிலிருந்து ஒரு சிறு கம்பியால் கீழ்க் கையோடு இணைந்திருந்தால், அந்தக் கம்பியையும் சென்சாரையும் தொடாதவரை காலிபரேஷன் தேவையில்லை. வேலைக்காக அதைக் கழற்ற நேர்ந்தால், பிராக்கெட்டின் இருப்பிடத்தை முன்பே மார்க்கர் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்த மூலை உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும். கம்பியின் பந்து முனை இற்றுப்போயிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்த பின் டயர் காற்றைச் சரிபார்த்து, அதே சிமெண்டுத் தரையில் நான்கு மூலைகளையும் மறுபடி அளந்து, கையேடு தரும் அளவோடு ஒப்பிடுங்கள். அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தால் ஸ்கேனரைத் தேட வேண்டாம். வரம்பைத் தாண்டியிருந்தால், அளந்த எண்களை ஸ்கேனரில் உள்ளிட்டுக் காலிபரேட் செய்யச் சொல்லுங்கள். முன்விளக்கின் சாய்வும் பல வண்டிகளில் இதே சென்சாரைத்தான் நம்புகிறது. ஆகவே இரவில் ஒரு சுவரின் முன் நிறுத்தி வெளிச்சம் சரியான மட்டத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஃபியூஸைக் கழற்றி இன்னொரு இரவு விட்டுவிட்டு, மாஸ்கிங் டேப்பில் வரும் புது எண்களை இங்கே எழுதுங்கள்.